பழைய லொறியின் ஸ்டியரிங் கொலம் ஆடுகிறதா? நாமே பார்த்துச் சரிசெய்வது பற்றிய கேள்விகள்

கொட்டகலையில் இருந்து மரக்கறி ஏற்றுகிறேன். கரட், லீக்ஸ், கோவா என்று நுவரெலியாப் பக்கத்துச் சரக்கு என் பழைய எல்ஃப் லொறியில்தான் கீழே இறங்குகிறது. அந்த லொறியின் ஸ்டியரிங் கொலத்தை இரண்டு தடவை நானே கழற்றிப் பூட்டியிருக்கிறேன். அப்புறம் மைத்துனருடைய கென்டர் லொறி, தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஒன்று. பக்கத்தில் நின்று பார்த்த டிரைவர்மார் கேட்டவையும், பிறகு போன் எடுத்துக் கேட்டவையும்தான் கீழே இருக்கின்றன. கெப், அதாவது டிரைவர் இருக்கும் அறை, முன்னால் சாயும் ஜப்பான் லொறிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பெட்ஃபோர்ட், டாடா, லேலண்ட் வைத்திருப்பவர்களுக்குச் சோதிக்கும் முறை இதேதான்; உள்ளே இருக்கும் பாகங்கள் கொஞ்சம் மாறும்.

கொலம் என்று எதைச் சொல்கிறோம்?

ஸ்டியரிங் வளையத்துக்குக் கீழே ஒரு இரும்புக் குழாய். அதற்குள் தண்டு. தண்டு மேலே ஒரு பெயாரிங்கிலும் கீழே இன்னொரு பெயாரிங்கிலோ புஷ்ஷிலோ சுற்றுகிறது. கெப் தரையைத் தாண்டியதும் ஒரு குரொஸ் ஜொயின்ட் (எல்லாப் பக்கமும் மடங்கும் சிலுவை இணைப்பு), அதற்கடுத்து நீண்டு சுருங்கும் இடைத்தண்டு, மறுபடி ஒரு குரொஸ், பிறகு ஸ்டியரிங் கியர் பொக்ஸ். கெப்பைச் சாய்க்கும்போது அந்த இடைத்தண்டு நீண்டு கொடுப்பதால்தான் எதையும் கழற்றாமல் சாய்க்க முடிகிறது. பொக்ஸில் இருந்து டயர் வரை உள்ள பிட்மன் ஆம், டிரக் லிங்க், டை ரொட் எல்லாம் கொலத்தில் சேராது. ஆனால் ஆட்டம் அங்கேயும் வரும்.

ஸ்டியரிங் லூசாக இருக்கிறது. கொலம்தான் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். கையில் ஆட்டம் தெரிகிறது, அதனால் கைக்குப் பக்கத்தில் இருப்பதைக் கழற்றுகிறார்கள். கொலத்தைக் கழற்றி, பெயாரிங் மாற்றி, பூட்டிப் பார்த்தால் ஆட்டம் அப்படியே இருக்கும். மைத்துனரின் கென்டரில் இதுதான் நடந்தது. கடைசியில் டிரக் லிங்க்கின் ஒரு முனை தேய்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீண்.

இரண்டு விதமான ஆட்டம் உண்டு. முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள், பிறகு உங்கள் பக்கம் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். சுற்றாமலே ஆடினால் அது மேல் பெயாரிங், அல்லது கொலத்தை டாஷ்போர்டுக்குக் கீழே பிடித்திருக்கும் பிராக்கெட், அல்லது உயரம் மாற்றும் டில்ட் லிவர். இந்த மூன்றையும் பிரிப்பதும் லேசு. ஆட்டும்போது இன்னொரு கையைக் குழாயின் மேல் வையுங்கள். குழாய் அசையாமல் வளையம் மட்டும் அசைந்தால் பெயாரிங். குழாயும் சேர்ந்து அசைந்தால் பிராக்கெட் அல்லது டில்ட்.

அடுத்தது சுற்றும்போது வரும் வெறும் ஆட்டம், அதாவது வளையம் திரும்பியும் டயர் திரும்பாத இடைவெளி. இதற்கு இரண்டு பேர் வேண்டும். லொறியைச் சமதரையில் நிறுத்தி, முன் டயரை நேராக வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நாலு பக்கமும் கட்டை கொடுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் மெதுவாக ஓடட்டும். எஞ்சின் நின்றிருந்தால் பொக்ஸுக்குள் இருக்கும் வால்வு தரும் அசைவையும் ஆட்டம் என்று நினைத்துவிடுவோம். ஒருவர் கெப்பில் இருந்து வளையத்தை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டட்டும். பெரிதாகச் சுற்றக்கூடாது. மற்றவர் டோர்ச் வெளிச்சத்தில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துக்கொண்டே வரட்டும். ஒரு இணைப்பின் மேல்பக்கம் அசைந்து கீழ்ப்பக்கம் அசையாமல் நின்றால் தேய்மானம் அங்கே. கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரலை இணைப்பின் மேல் வைத்தால் ‘டிக்’ என்று தட்டுவது தெரியும். எஞ்சின் ஓடும்போது விரலை ஃபேன் பெல்ட் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். இதை முடிக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

எவ்வளவு ஆட்டம் வரை விடலாம்?

உங்கள் மொடலின் மானுவலில் ஒரு அளவு இருக்கும். அதுதான் முதல் விதி. அமெரிக்காவில் பாரவாகனங்களுக்கு வைத்திருக்கும் விதியில் 16 அங்குல வளையத்துக்கு, பவர் ஸ்டியரிங் இல்லாவிட்டால் 2 அங்குலம், இருந்தால் நாலே கால் அங்குலம் கடைசி எல்லை. 18 அங்குல வளையத்துக்கு இரண்டே கால், நாலே முக்கால். அந்த எல்லையைத் தாண்டினால் வண்டி ரோட்டில் ஓடவே கூடாது என்று அர்த்தம். அதுவரை நிம்மதியாக ஓடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் வைத்திருக்கும் அளவு இரண்டு விரல். வளையத்தின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வெறும் ஆட்டம் இருந்தால் சரக்கு ஏற்றமாட்டேன். இறம்பொடை இறக்கத்திலோ கினிகத்தேனை வளைவிலோ எதிரே பஸ் வரும்போது நமக்குக் கிடைக்கிற இடம் எவ்வளவு என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். மேலும் கீழும் ஆடும் ஆட்டத்துக்கு என் அளவு இன்னும் சின்னது: கண்ணுக்குத் தெரிந்தாலே பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்து லொறிகளில் இது ஏன் சீக்கிரம் தேய்கிறது?

வளைவுகள் ஒரு காரணம். ஹட்டனில் இருந்து நுவரெலியா போய் வருவதற்குள் வளையத்தை எத்தனை தடவை முழுக்கச் சுற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டப் பாதையின் குழிகள் இன்னொரு காரணம். டயர் வாங்கும் ஒவ்வொரு அடியும் குரொஸ் வரை ஏறி வருகிறது. லயத்து வீடுகளுக்கு முன்னால் இடம் இல்லாமல் நின்ற இடத்திலேயே டயரைத் திருப்புவதும் அந்தக் குரொஸைத்தான் தின்கிறது.

மழை மூன்றாவது. வட்டவளை, நோர்ட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் செப்டம்பர் வரை கெப்புக்குள் காய்வதில்லை. தரையில் தண்டு இறங்கும் இடத்தில் ஒரு ரப்பர் பூட் (உறை) இருக்கும். அது கிழிந்தால் கீழே இருந்து சேறும் மேலே இருந்து சப்பாத்துத் தண்ணீரும் நேராகக் கீழ் பெயாரிங்குக்குப் போகும். வெலிமடை, பதுளைப் பக்கத்து வண்டிகளுக்கு இதே சங்கடம் வருடக் கடைசி மழையில் வரும்.

ஆனால் மேல் பெயாரிங் சாவதற்கு முக்கிய காரணம் ரோடும் இல்லை, மழையும் இல்லை. நாம் ஏறுகிற விதம். உயரமான கெப், ஈரமான படி, கை தன்பாட்டில் வளையத்தைப் பிடிக்கிறது. எழுபது கிலோ ஆள் ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்தச் சின்னப் பெயாரிங்கில் தொங்கி ஏறுகிறார். ஆட்டம் மேலும் கீழுமாக இருந்தால் பெரும்பாலும் இதுதான் கதை. கதவுத் தூணில் கைபிடி இருக்கிறது. உடைந்திருந்தால் முதலில் அதைப் போடுங்கள்.

அண்ணே, இதையெல்லாம் நானே செய்யலாமா? எதைத் தொடக்கூடாது?

பிரேக் ஷூ மாற்றி, ஹப் பெயாரிங் கழற்றிப் பழக்கம் இருந்தால் மேல் பெயாரிங், கீழ் புஷ், ரப்பர் பூட், பிராக்கெட் போல்ட், டில்ட் லிவர், ஹோர்ன் வளையம் எல்லாம் உங்களால் முடியும் தம்பி. இடைத்தண்டை முழுசாக மாற்றுவதும் முடியும். குரொஸை மட்டும் பிரித்து மாற்றுவது பழகிய கைக்கு.

கியர் பொக்ஸைத் திறக்க வேண்டாம். அதன் மேல் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை இறுக்கி ஆட்டத்தைக் குறைக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. நேராகப் போகும்போது நன்றாகத்தான் தெரியும். ஆனால் அளவு தெரியாமல் இறுக்கினால் பொக்ஸ் நடுவில் பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்து வளையம் தானாகத் திரும்பி வராது. மலை ரோட்டில் ஒரு வளைவு முடியும் இடத்தில் அடுத்த வளைவு தொடங்குகிறது. அங்கே திரும்பி வராத ஸ்டியரிங் லூசான ஸ்டியரிங்கை விட மோசம்.

வளையத்துக்குள் எயார்பேக் இருக்கும் புதிய வண்டியாக இருந்தால் கழற்றாதீர்கள். அது தெரிந்தவரிடம் போக வேண்டிய வேலை.

என்னென்ன சாமான் வேண்டும்?

சொக்கெட் செட், வளையம் கழற்றும் புளர், சேர்கிளிப் பிளையர், சென்டர் பஞ்ச், அளவெடுக்க வேர்னியர், இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்ச், மண்ணெண்ணெய், வயர் பிரஷ், லிதியம் கிரீஸ். டோர்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். மற்ற எதற்கும் மாற்று வழி உண்டு, இதற்கு இல்லை. போனில் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வையுங்கள். பூட்டும்போது வாஷர் முதலில் வந்ததா ஸ்பிரிங் முதலில் வந்ததா என்று நினைவு இருக்காது.

கழற்றும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

சமதரை. இதைத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் சமதரை கிடைப்பதே கஷ்டம். கோயில் முற்றமோ தோட்டத்து மைதானத்தின் ஓரமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாலு டயருக்கும் கட்டை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி விலக்கி வையுங்கள். முன் டயர் நேராக இருக்கட்டும், வளையமும் நேராக இருக்கட்டும். கெப்பைச் சாய்ப்பதாக இருந்தால் தாங்கு கம்பியின் லொக் பின் சரியாக விழுந்ததா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

ஹோர்ன் மூடியை எடுத்தால் நடுவில் பெரிய நட்டு தெரியும். நட்டைத் தொடுமுன் தண்டின் முனையிலும் வளையத்திலும் ஒரே நேர்கோட்டில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி. பிறகு நட்டை நாலு சுற்றுத் தளர்த்தி அப்படியே விடுங்கள், முழுக்கக் கழற்றாதீர்கள். புளர் இழுக்கும்போது வளையம் திடீரென்று விடுபடும்; நட்டு இல்லாவிட்டால் அது முகத்தில் வந்து அடிக்கும்.

தண்டின் முனையில் சுத்தியல் வைக்காதீர்கள். பல கொலங்களில் மோதும்போது தண்டு உள்ளே சுருங்கிக்கொள்வதற்காகப் பிளாஸ்டிக் பின் வைத்திருக்கிறார்கள், டிரைவரின் நெஞ்சைக் காப்பாற்றுவதற்கு. சுத்தியல் அடி அந்தப் பின்னை உடைத்துவிடும். உடைந்தது வெளியே தெரியாது, தண்டு மட்டும் நீளவாக்கில் ஆடத் தொடங்கும்.

வளையம் வந்தபின் சிக்னல் சுவிட்ச். பிளக்குகளைப் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். சாவிப் பூட்டைக் கழற்ற வேண்டி வந்தால், அதன் போல்ட்டுக்குத் தலை இருக்காது. திருடனுக்கு வேலை வைப்பதற்காக, இறுக்கும்போதே தலை முறிந்து விழும்படி செய்த போல்ட் அது. அதில் ஹெக்சோவால் ஒரு கோடு வெட்டி ஸ்க்ரூ டிரைவரால் சுற்றலாம். பூட்டும்போது அதே வகைப் போல்ட் புதிதாகப் போடுங்கள்.

மேல் பெயாரிங் மட்டும் என்றால் பல வண்டிகளில் இத்தோடு கைக்கு எட்டிவிடும். முழுக் கொலமும் வெளியே வர வேண்டும் என்றால் கீழே குரொஸின் பிடிப்புப் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அங்கேயும் குரொஸிலும் தண்டிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுக்க வெளியே எடுக்க வேண்டும். தண்டில் அதற்கென்று ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், போல்ட் அந்தப் பள்ளத்தில்தான் படுத்திருக்கும். இது தெரியாமல் அடித்து இழுத்துத் தண்டைக் கெடுத்தவர்கள் உண்டு. பிறகு தரைத் தட்டின் போல்ட்டுகள், டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள பிராக்கெட் போல்ட்டுகள். கடைசிப் போல்ட்டைக் கழற்றும்போது ஒருவர் கொலத்தைத் தாங்கிப் பிடிக்கட்டும். கொலம் வெளியே வந்தபின் டயரையோ பொக்ஸின் தண்டையோ யாரும் திருப்பக்கூடாது.

மேல் பெயாரிங்கை எப்படிப் பொருத்தமாக வாங்குவது?

பழைய பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி ஓரத்தைப் பாருங்கள், எண் பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிப்பு 15 மில்லிமீட்டர். 6005 என்றால் உள்விட்டம் அதே 25தான், ஆனால் வெளிவிட்டம் 47, தடிப்பு 12. கடைக்காரர் “இதுவும் 25தான், போகும்” என்று நீட்டினால் வாங்காதீர்கள். எண் அழிந்திருந்தால் வேர்னியரில் மூன்று அளவையும் எடுத்துக்கொண்டு போங்கள். எண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதற்கான குறி இருந்தால் அதையே கேளுங்கள். நம் ஈரத்துக்குத் திறந்த பெயாரிங் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

எல்லா வண்டியிலும் இப்படிச் சாதாரணப் பெயாரிங் இருக்காது. சிலதில் சரிவான கிண்ணத்தில் குண்டுகள், அதை அழுத்தும் ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் களைத்துப்போனாலே ஆட்டம் வரும். பெயாரிங் நன்றாகத்தான் இருக்கும். சிலதில் வெறும் நைலோன் புஷ்.

போடும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்தி உள்ளே தள்ளுங்கள். அளவான சொக்கெட் ஒன்றை வைத்து மெதுவாகத் தட்டலாம். உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் பள்ளம் போட்டுவிடும், புதுப் பெயாரிங்கே கரகரக்கும். பெயாரிங் உட்காரும் இடத்தில் தண்டைத் தடவிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுப் பெயாரிங் போட்டும் பயன் இல்லை. அங்கே வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடையலாம் என்பார்கள். வேண்டாம், வேறு தண்டு தேடுங்கள்.

கீழ் புஷ் கடையில் கிடைக்கவில்லை. லேத்தில் செய்யலாமா?

செய்யலாம். கண்டி, ஹட்டன், பதுளை எங்கும் நல்ல லேத் பாஸ்மார் இருக்கிறார்கள். பித்தளையும் வெண்கலமும் ஒன்றில்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் வெண்கலம் என்று சொல்லிக் கேளுங்கள். அல்லது நல்ல நைலோன். பழைய புஷ்ஷை மாதிரிக்குக் கொடுத்தால் தேய்ந்த அளவுக்குத்தான் வெட்டுவார். தண்டையும் குழாயையும் கொண்டுபோய்க் கொடுங்கள். தண்டு உள்ளே வழுக்கிப் போக வேண்டும், பக்கவாட்டில் தட்டக்கூடாது. நைலோனில் செய்தால் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விடச் சொல்லுங்கள், ஈரத்தில் அது ஊதும். எனக்கு ஒரு புஷ் அப்படி ஜூன் மாதத்தில் இறுகிவிட்டது, வெயில் காலத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

குரொஸ் தேய்ந்திருந்தால்?

குரொஸின் முனைகளில் உள்ள தொப்பிகளைச் சேர்கிளிப் (பள்ளத்தில் உட்காரும் கம்பி வளையம்) பிடித்திருந்தால் குரொஸை மட்டும் மாற்றலாம். சேர்கிளிப் இல்லாமல் இரும்பை அடித்து மடக்கித் தொப்பியைப் பிடிக்க வைத்திருந்தால் ஜொயின்ட்டை முழுசாக மாற்றுங்கள்.

மாற்றும்போது நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: தொப்பிக்குள் இருக்கும் ஊசி மாதிரியான உருளைகளில் ஒன்று சரிந்து அடியில் குறுக்கே விழும். தொப்பி கடைசி வரை போகாது. வைஸில் இன்னும் இறுக்கினால் போய்விடும், ஆனால் ஊசி நசுங்கியிருக்கும். சேர்கிளிப் அதன் பள்ளத்தில் லேசாக உட்காராவிட்டால் நிறுத்தி, திரும்பக் கழற்றிப் பாருங்கள். ஊசிகளைக் கிரீஸில் ஒட்டி நிற்க வைத்துப் பொறுமையாகப் போட்டால் விழாது. முடிந்தபின் ஜொயின்ட் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மடங்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தால் அதே திரும்பி வராத ஸ்டியரிங் பிரச்சினைதான்.

இன்னொன்று. இடைத்தண்டின் இரண்டு முனையிலும் குரொஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நீண்டு சுருங்கும் தண்டைப் பிரித்து ஒரு பல் தள்ளிச் சேர்த்துவிட்டால், வளையம் சுற்றும்போது கனத்தும் லேசாகவும் மாறி மாறி வரும். கழற்றுமுன் கோடு போடச் சொன்னது இதற்கும்தான். தண்டின் பற்களையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். தட்டினால் தண்டு மாற்ற வேண்டும், கிரீஸ் அதைக் குணப்படுத்தாது.

வெல்டிங் வைத்துத் தருகிறேன், நூறு வருடம் போகும் என்கிறார் கராஜ்காரர். விடலாமா?

விட வேண்டாம். பிராக்கெட்டின் தகடு வெடித்திருந்தால் வெல்டிங் சரி. தண்டு, குரொஸ், கவை, பல் வெட்டிய முனை, இவற்றில் எதிலும் வெல்டிங் கூடாது. இவை சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு அந்தப் பதத்தை எடுத்துவிடும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஒரு நாள் வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, சட்டென்று அறுந்துவிடும்.

என் எல்ஃப் லொறியை வாங்கியபோது இடைத்தண்டின் தேய்ந்த பற்களை யாரோ சுற்றி வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. கெப்பைச் சாய்க்கும்போது தண்டு நீளவே இல்லை, அப்போதுதான் சந்தேகம் வந்தது. கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே வெண்கட்டித் தூள் தூவினேன். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து தூளில் கோடு போடும். வெல்டிங் ஓரமாகப் பாதிச் சுற்றுக்கு ஒரு முடிக்கோடு ஈரமாகத் தெரிந்தது. அந்தத் தண்டோடு நான் மூன்று மாதம் சென் கிளேயர் வளைவுகளில் சரக்கோடு ஓடியிருந்தேன். அன்று இரவு நித்திரை வரவில்லை. அந்தத் தண்டை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்ட.

கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கொலம் வாங்கலாமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய வண்டிகளை எல்லாரும் இழுத்துப் பிடித்து ஓட்டினோம். கழற்றிய பாகங்களுக்கும் அதனால் கிராக்கி கூடியது. கொலத்தைப் பொறுத்தவரை பழைய பாகம் வாங்குவதில் தவறு இல்லை, நானும் அப்படித்தான் இடைத்தண்டு வாங்கினேன். உங்கள் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். நீளம், பற்களின் எண்ணிக்கை, பிராக்கெட் துளைகளின் தூரம் மூன்றும் ஒத்துவர வேண்டும். ஒரே பெயருள்ள மொடலிலேயே அகலக் கெப்புக்கும் ஒடுக்கமான கெப்புக்கும் நீளம் மாறும். கடையிலேயே சுற்றிப் பாருங்கள், வளைந்திருக்கிறதா என்று கண்ணாடித் தட்டு மேல் உருட்டிப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்கக் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அடுத்த கடை. விபத்தில் நசுங்கிய வண்டியின் கொலம் என்றால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

டில்ட் லிவர் இறுக்கியும் கொலம் மெதுவாக இறங்குகிறது.

லிவருக்குப் பின்னால் உள்ள போல்ட்டின் நட்டு தளர்ந்திருக்கும், அல்லது பல் தகடு தேய்ந்திருக்கும். லிவர் மூடிய நிலையில் நட்டை இறுக்கி, திறந்தால் கொலம் லேசாக அசைகிறதா என்று பாருங்கள். தகடு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். நடுவில் எண்ணெய் விடாதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

குரொஸின் பிடிப்புப் போல்ட்டில். முழு வேலையிலும் உயிர் அந்த ஒன்றில்தான் தொங்குகிறது. தண்டின் பள்ளமும் போல்ட் துளையும் நேருக்கு நேர் வந்தால் போல்ட் கையாலேயே உள்ளே போகும். அடித்துத்தான் போகும் என்றால் தண்டு சரியான ஆழத்தில் இல்லை. புதுப் போல்ட் போடுங்கள், தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் பொறித்திருக்க வேண்டும். பழையதில் கூடிய எண் இருந்தால் அதே எண். பெட்டியில் கிடக்கும் எழுத்தில்லாத போல்ட்டைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது பதறும். இறுக்கும் அளவு மானுவலில் உள்ளபடி. 8.8 தரத்தில் 8 மில்லிமீட்டர் போல்ட் பொதுவாக 25 நியூட்டன் மீட்டர் அளவும், 10 மில்லிமீட்டர் 50 அளவும் தாங்கும் என்பதை ஒரு துணைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

வளையம் பஞ்ச் புள்ளியில் நேராக உட்காரட்டும். தண்டில் 36 பல் இருந்தால் ஒரு பல் தவறினால் வளையம் 10 பாகை சாய்ந்து நிற்கும். சாய்ந்து நின்றால் கழற்றித் திரும்பப் போடுங்கள். டை ரொட்டைத் திருகி வளையத்தை நேராக்கப் பார்க்காதீர்கள், டயர் தின்னும்.

பிராக்கெட் போல்ட்டுகளை எல்லாம் பூட்டும் வரை எதையும் முழுக்க இறுக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் விரலால் ஏற்றி, வளையத்தை இரண்டு பக்கமும் சுற்றித் தண்டு தன் இடத்தைப் பிடித்தபின் இறுக்குங்கள். கீழே ரப்பர் பூட் புதிது போடுங்கள். பெரிய செலவு இல்லை, ஆனால் கீழ் பெயாரிங்கின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

பூட்டியாயிற்று. ரோட்டில் இறக்கலாமா?

உடனே வேண்டாம். முன் அச்சை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இருத்தி, ஒரு பக்கக் கடைசியில் இருந்து மறுபக்கக் கடைசி வரை பத்துத் தடவை சுற்றுங்கள். எங்கேயும் பிடிக்கக்கூடாது, வயர் இழுபடக்கூடாது, தண்டு கிளச் பெடலிலோ பிரேக் பெடலிலோ உரசக்கூடாது. சாவியைப் போட்டு எடுத்துப் பூட்டு விழுகிறதா பாருங்கள். சாவி ஓன் நிலையில் இருக்கும்போது பூட்டு விழவே கூடாது, இதைப் பல தடவை சோதியுங்கள். ஹோர்ன், இரண்டு சிக்னல், சிக்னல் தானாக விடுபடுவது. இறக்கியபின் முதலில் சொன்ன இரண்டு பேர் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பிடிப்புப் போல்ட்டின் தலையில் இருந்து குரொஸ் வரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுங்கள். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். பிறகு மைதானத்தில் மெதுவாக ஒரு சுற்று, அப்புறம் வெறும் வண்டியில் சமமான ரோட்டில். சரக்கும் இறக்கமும் அதற்குப் பிறகுதான். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் ஒரு தடவை பாருங்கள்.

லொறிக்கு வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பரிசோதனைக்கு முந்திய வாரம் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் செய்கிற வேலை இல்லை இது. எனக்கு முதல் தடவை இரண்டு நாள் பிடித்தது, இரண்டாம் தடவை ஒரு நாள்.

வேலை முடிந்தபின் ஹோர்ன் வளைவில் தானாக அடிக்கிறது.

ஹோர்ன் தொடும் வளையத்தில் கிரீஸ் அதிகமாகி இரும்புத் தூளோடு சேர்ந்திருக்கும், அல்லது வயர் எங்கோ வளையத்துக்கும் மூடிக்கும் நடுவில் நசுங்கியிருக்கும். மூடியைத் திறந்து துடைத்து, வயரை அதன் கொக்கியில் போடுங்கள்.

இனி எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

நிப்பிள் இருந்தால் மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிரீஸ். பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா பாருங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு வண்டி நிற்கும் நாட்களில் நான் இரண்டு பேர் சோதனையைச் செய்கிறேன், மே மழைக்கு முன்னால் அது முடிந்துவிடும். தினமும் காலையில் நகப்பூச்சுக் கோட்டை ஒரு பார்வை. ஏறும்போது கைபிடி.

உங்கள் வண்டியை இன்னொருவர் ஓட்டுகிறார் என்றால் இவற்றையெல்லாம் அவருக்கும் காட்டிக் கொடுங்கள். வளையத்தில் ஏதாவது மாற்றம் தெரிந்தால், அரைப் பயணமாக இருந்தாலும், சரக்கு வாடினாலும், ஓரமாக நிறுத்திவிட்டு உங்களுக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள்.